ஒப்புதல் படிவம், பக்கம் ஆறு

வார்த்தைக்கு ஒன்றேகால் ரூபாய்.
பதினொரு பக்கம். சூளைமேட்டில்
மின்விசிறி கடகடக்கும் அறையில் தமிழாக்கினேன்.
'தூது' என்று எழுதி அடித்தேன்,
யாரோ யாருக்கோ காதல் சொல்லி அனுப்புவதுபோல் இருந்தது.
'செய்தி' என்றால் வானொலி வாசிக்கிறது.
கடைசியில் எம்.ஆர்.என்.ஏ. என்றே விட்டுவிட்டேன்.
அதற்கும் ஒன்றேகால் ரூபாய் போட்டார்கள்.

படித்துக் காட்டவும் ஆள் வேண்டுமாம்,
ராயபுரத்துக்கு வரச்சொன்னார்கள்.

தேசிங்கு வந்தார், காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்.
முழங்கையில் ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது,
நான் சொல்லவில்லை.
முதல் பக்கம் முடிவதற்குள் கேட்டார்:
"உள்ள போயி இன்னா பண்ணும் அது?"

படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
கல்மண்டபம் பரோட்டா கடை தெரியுமில்லையா,
சப்ளையர் துண்டுச்சீட்டு எழுதி அடுப்படிக்கு அனுப்புவான்.
மாஸ்டர் படிப்பார், போடுவார்,
சீட்டு எண்ணெயில் ஊறிக் கிழிந்துபோகும்.
ஊசியில் இருப்பது அந்தச் சீட்டு.
வழியிலேயே கரையாமலிருக்க
கொழுப்புப் பொட்டலத்தில் மடித்து அனுப்புகிறார்கள்.
கிருமியின் மேலிருக்கும் முள்ளை மட்டும்
செய்யச்சொல்லி எழுதியிருக்கும்.
கிருமி வராது. முள் வரும்.
உடம்பின் காவல்காரர்கள் அதைப் பார்த்து
அடையாளம் வைத்துக்கொள்வார்கள்.

"கடைப் பத்திரத்துல கை வெக்குமா?"
பத்திரம் பூட்டிய அறையில் இருக்கிறது.
சீட்டு அடுப்படியோடு சரி.

"எத்தினி நாள் இருக்கும்?"
பெரும்பாலும் சில நாள்.
சிலருக்கு அக்குள் நெறிக்கட்டியில்
வாரக்கணக்கில் மிச்சம் கண்டதும் உண்டு.

எத்தனை குளிரில் வைக்கிறார்கள் என்று கேட்டார்.
மைனஸ் இருபது, சிலது எழுபது.
சிரித்தார். "எங்க ஐஸ வுட ரோஷக்காரன்."

பக்கம் ஆறில் என் குரல் இறங்கியது.
கைவலி, காய்ச்சல், அசதி, இதெல்லாம் ஓடிவிட்டது.
அடுத்து:
இதே வகை ஊசிகளில், மிக அரிதாக,
இதயத்தசையில் அழற்சி.
அதிகமும் இளம் ஆண்களுக்கு, இரண்டாம் ஊசிக்குப் பின்.
பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள்.

'மிக அரிதாக' என்பதற்கு மூன்று இரவு போனது எனக்கு.
எழுத்தைச் சின்னதாக்கினால்
ஒரு தாள் மிச்சம் என்றது அலுவலகம்.
இருக்கட்டும் என்றேன்.
அந்தச் சண்டைக்குக் கூலி கிடையாது.

"எத்தினி பேருக்கு?"
லட்சத்தில் சிலர். பையன்கள் என்றால் கொஞ்சம் கூட.
நோய் வந்தாலும் இதயம் வீங்கும்,
பொதுவில் அது இதைவிட அதிகம்.

பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சிலர்னு சொல்றியே,
அவங்களுக்கும் பேரு இருக்கும்ல?"

இருக்கும் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு பெயர் சொன்னார்:
முனிரத்தினம். தம்பி.
ஸ்டான்லியில் கடைசிவரை பார்க்க விடவில்லையாம்.
பாலித்தீன் சுற்றித்தான் காட்டினார்களாம்,
முகம் இருக்கும் பக்கம் எது என்று
வண்டிக்காரன்தான் சொன்னானாம்.

கையெழுத்துப் போட்டார்.
இன்னொரு படிவத்தை, பத்தொன்பது வயது மகனுடையதை,
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"அவனே படிக்கட்டும்."

அரை மணி நேரம் பச்சை நாற்காலி.
மூச்சு முட்டுதா, அரிக்குதா என்று
நர்ஸ் கனகவல்லி வந்து வந்து கேட்டாள்.
"பசிக்குது" என்றார்.

மறுநாள் நாலரைக்குப் போன்.
பின்னால் ஏலக்குரல், கூடை இழுபடும் சத்தம்.
"மேடம், கை வலிக்குது.
மாஸ்டர் வேலைக்கு வந்துட்டாரா?"

வந்திருக்கலாம்.
பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர்தான்,
யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது,
பக்கம் மூன்றில் படித்தேனே.

"உப்புத்தண்ணி நமக்கென்ன புதுசா?"

பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.
ஐஸ் உடையும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"இன்னும் ஆறாம் பக்கத்துல இருக்கான்."